சிபி பாயிண்ட்டை ஒழித்தது யார்?

"பாயிண்ட்டைத் தேய்ச்சு கேப் வச்சிருக்கேன் சார், இப்ப அடிச்சுப் பாருங்க."

நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த வசனத்தை ஏதாவதொரு ஒர்க்ஷாப் வாசலில் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். அம்பாசடர், ஃபியட், புல்லட், எஸ்டி என்று எந்த வண்டி அடம்பிடித்தாலும் மெக்கானிக்கின் கை முதலில் போவது அங்கேதான். உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு நாலு இழுப்பு. ஃபீலர் கேஜ் இருந்தால் அது, இல்லையென்றால் சிகரெட் பெட்டி அட்டை. அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும். இன்றைக்கு ஒரு கல்லூரிப் பையனிடம் 'பாயிண்ட்' என்று சொன்னால் செல்போன் சார்ஜர் செருகும் ப்ளக் பாயிண்ட்டைத்தான் காட்டுவான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது இந்தப் பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு, அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு எலெக்ட்ரானிக் கிட்டை மாட்டிக்கொள்கிறார்கள். பவர் கூடும், மைலேஜ் கூடும், காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை என்று தேடப்போய் நான் வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். டிரான்சிஸ்டர் 1947-லேயே வந்துவிட்டது. பாயிண்ட்டே இல்லாத இக்னிஷனை 1963-ல் அமெரிக்க ஷோரூமில் காசு கொடுத்து வாங்க முடிந்தது. அப்புறம் ஏன் இன்னும் பத்து வருஷம் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை பாயிண்ட்டோடயே ஓடின? பத்து வருஷம் கழித்து ஏன் திடீரென்று டெட்ராய்ட்டில் எல்லாரும் வரிசையாக மாறினார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் எலெக்ட்ரானிக்ஸில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிப்போம்.

கல்லாப்பெட்டி இன்ஜினியர்

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்றொரு ஊர். அங்கே நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற இன்ஜினியர் வேலை பார்த்தார். கையால் இயக்கிக்கொண்டிருந்த கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் வைத்தவர் அவர்தான். அதே கம்பெனியைச் சேர்ந்த எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில், ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில், சில நண்பர்களோடு சேர்ந்து காருக்கான மின்சாதனங்களை நோண்ட ஆரம்பித்தார். 1909-ல் அது கம்பெனியானது. பெயர் 'டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி'. ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் டெல்கோ. கெட்டரிங்கின் இக்னிஷனை முதலில் வாங்கியது ஹென்றி லீலேண்ட் நடத்திய கேடிலாக். 1912 மாடல் கேடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே பேட்டரியில் வந்தன. கெட்டரிங் பெயரைச் சொன்னால் எல்லாரும் செல்ஃப் ஸ்டார்ட்டரைத்தான் பேசுவார்கள். என் கணக்கில் இக்னிஷன்தான் பெரிய சாதனை. அதன் அடிப்படை ஐம்பது வருஷத்துக்கு மேல் மாறவே இல்லை.

அதற்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மேக்னெட்டோ, ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ இதில் புகழ்பெற்றது. நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, அதாவது கிராங்க் அடிக்கும்போது, ஸ்பார்க் பலவீனமாக இருக்கும். இன்னொன்று ஃபோர்டு மாடல் டி-யில் இருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மரப்பெட்டி, அதற்குள் காலிங் பெல் மாதிரி 'ட்ர்ர்ர்' என்று அதிரும் ஒரு காயில். ஒரே ஒரு ஸ்பார்க்குக்குப் பதில் ஒரு சரமே வெடிக்கும். அதில் எந்த ஸ்பார்க்கில் பெட்ரோல் பற்றிக்கொள்கிறது என்பது அதன் இஷ்டம்.

கெட்டரிங் செய்தது: ஒரு காயில், ஒரு ஸ்விட்ச், சரியான நேரத்தில் ஒரே ஒரு ஸ்பார்க்.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள வீட்டுத் தண்ணீர் பைப் போதும். மோட்டார் ஓடி, தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வால்வைப் பட்டென்று மூடினால் பைப் முழுக்க 'டொம்' என்று ஓர் அதிர்வு வரும். ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் எங்கேயாவது போயாக வேண்டும். இக்னிஷன் காயிலிலும் அதேதான். உள்ளே இரண்டு சுற்று கம்பி: சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த கம்பி, அதைப்போல சுமார் நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பி. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட்டில் இருந்து மூணு நாலு ஆம்பியர் தடித்த கம்பியில் ஓடி, காந்தப்புலத்தை நிரப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கேம் வந்து பாயிண்ட்டைத் தள்ளித் திறந்ததும் ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிகிறது. தடித்த கம்பியில் சில நூறு வோல்ட், மெல்லிய கம்பியில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு எகிறுகிறது. அது ரோட்டர் வழியாக, முறை வந்த சிலிண்டரின் ப்ளக்கில் போய்ப் பொறியாகிறது.

பாயிண்ட் ஒட்டும்போது ஸ்பார்க் வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வருவது பிரியும்போது. இதைப் பிடித்துக்கொண்டால் பாயிண்ட்டின் மொத்தக் கதையும் விளங்கிவிடும். பிரியும் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். விட்டால் பாயிண்ட் முகமே எரிந்துபோகும். ஓட்டமும் பட்டென்று அறாமல் இழுத்துக்கொண்டே நிற்கும், ப்ளக்கில் பொறி வராது. அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் விரல் அளவு கண்டென்சர், சுமார் 0.2 மைக்ரோஃபாரட். குதிக்கப் பார்க்கும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்கிறது.

என் பிழைப்பு சாஃப்ட்வேர் என்பதால் எனக்கு இதில் ஒரு விஷயம் உறுத்தியது. எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது, இப்போது பொறி வேண்டுமா என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. நாலு ஆம்பியரை வெட்டி விடுவது இன்னொரு வேலை. கெட்டரிங் இரண்டையும் ஒரே சின்னத் தகட்டின் தலையில் கட்டிவிட்டார். சென்சாரும் அதுவே, ஸ்விட்ச்சும் அதுவே. 1910-ல் வேறு வழி கிடையாது. அந்தக் காலத்துக்கு அது அபாரமான சிக்கனம். ஆனால் ஸ்விட்ச் வேலையில் அந்தத் தகட்டின் முகம் எரிய எரிய, அதன் சென்சார் வேலையும் பிசகிக்கொண்டே போகும்.

மூன்று கோடி தடவை

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 6000 பொறி. அந்த வேகத்தில் ஒரு நிமிஷம் என்பது ஒரு கிலோமீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு 6000. அடுத்த சர்வீஸ் 5000 கிலோமீட்டரில் என்றால் அதற்குள் அந்தத் தகடு 3 கோடி தடவை திறந்து மூடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி வெல்டிங்.

தேய்மானம் இரண்டு இடத்தில். டங்ஸ்டன் முகங்களில் ஒரு பக்கம் குழி விழுந்து மறுபக்கம் மேடு தட்டும். (பழைய நாட்களில் பிளாட்டினம் கலந்த முகங்கள் இருந்தன. நம் ஒர்க்ஷாப்களில் 'பிளாட்டினம் பாயிண்ட்' என்ற பெயர் டங்ஸ்டன் வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது.) இரண்டாவது இடம், கேம் மீது உரசிக்கொண்டே இருக்கும் ஃபைபர் கட்டை. அது தேயத் தேய கேப் குறையும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இந்த கேப் சுமார் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். தாமதமாகத் திறந்தால் பொறி தாமதம், அதாவது டைமிங் பின்னால் போகும். இத்தனைக்கும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தினம் ஒரு மயிரிழை. ஆறு மாதத்தில் வண்டி கொஞ்சம் சோம்பேறியாகியிருக்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், புகையில் பச்சை பெட்ரோல் வாடை அடிக்கும். 'வண்டிக்கு வயசாயிடுச்சு' என்று நினைத்துக்கொள்வோம்.

பாயிண்ட் பெரும்பாலும் சட்டென்று சாவதில்லை. மெல்ல மெல்ல விலகிப் போகும். ஒருவர் வந்து அவ்வப்போது இழுத்துப் பிடித்து நிறுத்தினால் காலத்துக்கும் ஓடும். எனவே கெட்டரிங் இக்னிஷனின் முழு வரைபடத்தில் பேட்டரி, காயில், கண்டென்சர், பாயிண்ட்டோடு மெக்கானிக் என்று ஐந்தாவதாக ஓர் உறுப்பும் உண்டு. அந்த உறுப்புக்கு ஆகும் செலவு காரின் விலையில் சேராது. வண்டிச் சொந்தக்காரர் தவணை முறையில் கொடுத்துக்கொண்டிருப்பார்.

வந்தது, ஆனால் விற்கவில்லை

பாயிண்ட்டின் குறை முதலில் கடித்தது ரேஸ்காரர்களை. எட்டு சிலிண்டர் எஞ்சின் 6000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 400 பொறி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே 2.5 மில்லி செகண்ட்தான். அதற்குள் காயில் நிரம்ப நேரம் போதாது. போதாக்குறைக்கு அந்த வேகத்தில் பாயிண்ட்டின் ஸ்பிரிங் கேமைத் தொடராமல் துள்ள ஆரம்பித்துவிடும். 1962-ல் கிரஹாம் ஹில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற பிஆர்எம் காரில் லூகாஸின் டிரான்சிஸ்டர் இக்னிஷன் இருந்தது. அடுத்த வருஷமே ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு, டெல்கோ தயாரித்த 'டெல்கோட்ரானிக்' அமைப்பைச் சில மாடல்களில் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. பாயிண்ட்டே கிடையாது, சுழலும் இரும்பு முனைகள் ஒரு காந்தச் சுருளைக் கடந்து போகும்போது எழும் சின்ன மின்துடிப்பு டிரான்சிஸ்டருக்கு உத்தரவு கொடுக்கும். கெட்டரிங் ஆரம்பித்த அதே டெல்கோவே கெட்டரிங்கின் பாயிண்ட்டைத் தூக்கிய கதை!

ஆனால் ஊர் உலகம் கண்டுகொள்ளவில்லை. பாதி வழியில் நின்ற அமைப்புகள்தான் அதிகம். பாயிண்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கனமான மின்சாரத்தை மட்டும் டிரான்சிஸ்டர் வெட்டும். பாயிண்ட்டுக்குச் சென்சார் வேலை மட்டும் மிச்சம். முகம் எரியாது, நல்ல யோசனைதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய முறையில் அந்தக் குட்டி வெல்டிங்தான் பாயிண்ட் முகத்தில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. மின்சாரம் ரொம்பக் குறைந்தால் பிசுக்கு அப்படியே நிற்கும், தொடர்பு விட்டுப்போகும். ஃபைபர் கட்டையும் வழக்கம்போல் தேயும். 1969 மாடல் போர்ஷே 911-ன் உயர்ரக வகைகளில் பாஷின் சிடிஐ வந்தபோதுகூட அதற்கு உத்தரவு கொடுத்தது பழைய பாயிண்ட்தான். இத்தாலியில் ஃபியட் டினோவுக்கு மேக்னெட்டி மரெல்லியின் 'டினோப்ளெக்ஸ்' வந்தது. இவையெல்லாம் பணக்கார, வேகக்கார வண்டிகள். சாதாரணக் குடும்பக் காருக்கு யாரும் போடவில்லை.

ஏன் போடவில்லை? ஆரம்ப கால ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்கு வெப்பம் ஆகாது. எஞ்சின் அறையில் வெப்பத்துக்குக் குறைவில்லை. அது ஒரு காரணம். விலை இன்னொன்று. ஆனால் சிலிகான் வந்து, விலையும் இறங்க ஆரம்பித்த பிறகும் தயக்கம் போகவில்லை. என் அனுமானம் எளிமையானது. பாயிண்ட் விலகுவதால் வரும் நஷ்டம் கார் கம்பெனிக்கு இல்லை. ஷோரூமை விட்டு வெளியே போகும் அன்றைக்கு பாயிண்ட் வண்டியும் டிரான்சிஸ்டர் வண்டியும் ஒரே மாதிரிதான் ஓடும். 10,000 மைல் தாண்டி டியூன்-அப் செலவு செய்யப்போவது வாடிக்கையாளர். அதில் பிழைப்பது ஒர்க்ஷாப். தன் பணத்தைப் போட்டு அடுத்தவன் செலவைக் குறைக்க எந்தக் கம்பெனி முன்வரும்?

1970 டிசம்பர் 31

லாஸ் ஏஞ்சலஸின் மஞ்சள் புகைமூட்டம் அதற்குள் தேசியப் பிரச்சினை ஆகிவிட்டிருந்தது. 1970-ன் கடைசி நாளில் அதிபர் நிக்சன் சுத்தக் காற்றுச் சட்டத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1975 மாடல் கார்களில் ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் 1970 அளவில் இருந்து 90 சதவீதம் குறைய வேண்டும் என்றது சட்டம். காலக்கெடு அப்புறம் தள்ளிப்போனது, அது வேறு கதை. நம் கதைக்கு முக்கியமான வரி வேறொன்று. கார் புதிதாக இருக்கும்போது சுத்தமாக இருந்தால் போதாது. ஐந்து வருஷம் அல்லது 50,000 மைல் வரை அந்த அளவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்த ஒரு வரிதான் பாயிண்ட்டின் மரண ஓலை. விலகிப் போவது என்பது அதன் பிறவிக் குணம். டைமிங் பிசகினாலும், ஒரு ப்ளக் அவ்வப்போது பொறி தவறினாலும், எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போகும். நேற்று வரை அது சொந்தக்காரர் பாடு. சட்டம் வந்ததும் கம்பெனி பாடு ஆகிவிட்டது. 1975 மாடல்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்ததும் சிக்கல் இரட்டிப்பானது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால், அந்த விலை உயர்ந்த தேன்கூடு உருகிப் போகும்.

அதுவரை நகராத மலை இப்போது மளமளவென்று நகர்ந்தது. கிரைஸ்லர் 1971-ல் சோதனை பார்த்து, 1972-ல் கூடுதல் விலைக்குக் கொடுத்து, 1973-ல் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் எலெக்ட்ரானிக் இக்னிஷனை நிரந்தரமாக்கியது. கேம் இருந்த இடத்தில் சிலிண்டருக்கு ஒரு பல் வீதம் ஒரு பல்சக்கரம். அருகே காந்தத்தோடு ஒரு சுருள். இரண்டும் தொடுவதே இல்லை, அதனால் தேய்வதும் இல்லை. நடுவில் உள்ள இடைவெளியைப் பித்தளை ஃபீலர் கேஜால்தான் அளக்க வேண்டும். எஃகு கேஜைக் கொண்டுபோனால் காந்தம் பிடித்துக்கொள்ளும். ஜெனரல் மோட்டார்ஸ் 1975-ல் 'ஹை எனர்ஜி இக்னிஷன்' என்ற பெயரில் காயிலையே டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வைத்தது. ஃபோர்டும் அதே சமயம் மாறியது. பொறியின் பலம் கூடியதால் ஜெனரல் மோட்டார்ஸ் சில எஞ்சின்களில் ப்ளக் கேப்பை 0.035-ல் இருந்து 0.060 அங்குலம் வரை அகலப்படுத்தியது. பெட்ரோல் குறைவாகக் கலந்த மெல்லிய கலவையும் அதில் பற்றிக்கொண்டது. அதாவது 'பலமான ஸ்பார்க்' என்பதுகூட வேகத்துக்காக வரவில்லை, புகைக்காக வந்தது.

நம் ஊரைப் பார்த்தால் இந்தக் கணக்கு மறுபக்கத்தில் இருந்து சரியாக இருக்கிறது. இங்கிலாந்தின் லூகாஸும் டிவிஎஸ்ஸும் கூட்டு சேர்ந்து 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் இருந்து இந்திய வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் செய்தது. தொழில்நுட்பம் தெரிந்த ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பெட்ரோல் வண்டிகளுக்கான மாஸ் எமிஷன் வரம்பு 1991-ல்தான் வந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-ல். அதுவரை அவசியம் என்று ஒன்று இல்லை. டெட்ராய்ட்டில் 1975-ல் முடிந்த பாயிண்ட்டின் கதை இங்கே இன்னொரு தலைமுறை ஓடியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் மெக்கானிக்கின் கூலி குறைவு என்பதும் கூடவே சேர்த்துக்கொள்ள வேண்டியது.

சாகும் விதம்

புது முறைக்கும் ஒரு விலை இருந்தது. பாயிண்ட் மெல்ல விலகும், முன்கூட்டியே முனகும். மாட்யூல் அப்படி இல்லை. அது ஒன்று வேலை செய்யும், அல்லது செய்யாது. எங்கள் தொழிலில் இரண்டு வகை சர்வர் உண்டு: சுமை ஏறினால் வேகம் குறைந்து, லாகில் புலம்பி, நமக்கு நேரம் கொடுப்பது ஒன்று, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நள்ளிரவில் படுத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவது வகை வருஷத்துக்கு ஒருமுறைதான் படுக்கும், ஆனால் படுத்தால் நம் தூக்கம் போச்சு.

கிரைஸ்லர் வண்டிகளில் மாட்யூலை விட அதற்குத் துணையாக இருந்த பீங்கான் பல்லாஸ்ட் ரெசிஸ்டர்தான் அடிக்கடி போகும். ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே நிற்கும். அனுபவப்பட்டவர்கள் டேஷ்போர்டு பெட்டியில் இன்னொன்றை வைத்திருப்பார்கள். மாற்ற இரண்டு நிமிஷம். ஜெனரல் மோட்டார்ஸ் மாட்யூலுக்கு அடியில் வெப்பத்தைக் கடத்தும் பசை தடவ வேண்டும். தடவாமல் மாட்டினால் சீக்கிரமே வெந்துபோகும். இதில் பெரிய வழக்கு ஃபோர்டினுடையது. 1983 முதல் பல மாடல்களில் 'டிஎஃப்ஐ' என்ற மாட்யூலை நேராக டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே திருகினார்கள். எஞ்சின் சூடு நேரே அதில் ஏறும். சூடானால் வண்டி ஓட்டத்திலேயே நின்றுபோகிறது, ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகிறது என்று கலிபோர்னியாவில் சொந்தக்காரர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2000-ல் நீதிபதி அங்கிருந்த லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். மாட்யூலில் ஆபத்தான குறை எதுவும் இல்லை என்று ஃபோர்டு வாதாடியது. 2001-ல் சமரசமாக முடிந்தது.

இந்த அறிகுறியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் நின்று ஆறினால் ஓடும் வண்டியை ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போகும்போது அது ஆறியிருக்கும். மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். பாயிண்ட் இப்படி ஏமாற்றுவது குறைவு; திறந்து பார்த்தால் குழியும் கருப்பும் கண்ணுக்குத் தெரியும்.

அப்படியானால் மாற்றலாமா?

இப்போது கிட் விஷயத்துக்கு வருவோம். இன்று கிடைப்பவை பெரும்பாலும் ஹால் விளைவை வைத்து வேலை செய்பவை. காந்தப்புலத்தில் வைத்த கடத்தியில் குறுக்காக ஒரு மின்னழுத்தம் எழும் என்று எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த அதே விளைவு. அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ் கிட்டில் கேம் மேல் ஒரு காந்த வளையம் உட்காரும். பாயிண்ட் இருந்த இடத்தில் ஹால் சென்சார். கண்டென்சரையும் கழற்றிவிடலாம். காயிலுக்கு இரண்டு ஒயர், முடிந்தது வேலை. இங்கிலாந்தின் லூமெனிஷன் வேறு வழி: அகச்சிவப்பு ஒளிக்கற்றையைச் சுழலும் தகடு வெட்டும்.

பவர் கூடுமா? அம்பாசடரில் வந்த 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தில் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த அதே பிஎம்சி குடும்பம். அது 4500 சுற்றில் ஓடினாலும் வினாடிக்கு 150 பொறிதான். காயில் நிரம்ப ஒவ்வொரு முறையும் நாலு மில்லி செகண்டுக்கு மேல் கிடைக்கிறது, அது போதும். ஒழுங்காக கேப் வைத்த நல்ல பாயிண்ட்டுக்கும் கிட்டுக்கும் அந்த எஞ்சினில் பவர் வித்தியாசம் தெரியாது. மாற்றிய அன்றே வண்டி பறக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருடைய பழைய பாயிண்ட் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கு அது சாட்சி.

கிட் மாற்றுவது ஸ்விட்ச்சை மட்டும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. வேகத்துக்குத் தக்கபடி டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும், வேக்குவம் டயாஃப்ரமும் அதே பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் அப்படியேதான் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், டயாஃப்ரம் கிழிந்திருந்தால், எந்தக் கிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு விஷயத்தில் கிட் உண்மையாகவே உதவும்: தண்டின் புஷ் தேய்ந்து ஆடினால் பாயிண்ட் கேப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி ஆகும். ஹால் சென்சார் அந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

கிட்டைச் சாகடிக்கும் வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் நெகட்டிவ் எர்த் கிட்டை மாட்டினால் அங்கேயே காலி. குறைந்த மின்தடை உள்ள காயில் போட்டால் மாட்யூல் தாங்கும் அளவை மீறி மின்சாரம் இழுக்கும். ப்ளக் ஒயர்கள் வெறும் செம்பாக இருந்தால் அவற்றின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும். ரெசிஸ்டர் ஒயர் வேண்டும். எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டு ரேடியோ கேட்கக்கூடாது.

இவ்வளவையும் எழுதிய பிறகும், இன்றைக்கு ஒருவர் என்னிடம் கேட்டால் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் பவர் இல்லை. கெட்டரிங் வரைபடத்தின் அந்த ஐந்தாவது உறுப்பு காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. காதை வைத்தே டைமிங் சொல்லும் மெக்கானிக்குகள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களிடம் தொழில் கற்றவர்கள் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துப் பழகியவர்கள். இப்போது வரும் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர்களின் தரம் பற்றிப் பழைய கார் ஆட்கள் எல்லா நாட்டிலும் புலம்புகிறார்கள். புதுக் கண்டென்சர் ஒரு மாதம் தாங்கவில்லை என்பது வழக்கமான புகார். பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் பராமரிப்பு கேட்காத பொருள்தான் சரிப்படும். வீட்டிலேயே ஃபீலர் கேஜ் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவது உங்களுக்குச் சந்தோஷம் என்றால், பாயிண்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் அந்த உறுப்பு இன்னும் இருக்கிறது.

மாற்றுகிறவர்கள் கழற்றிய பாயிண்ட் தகட்டைக் கண்டென்சரோடு, கேப்பும் வைத்து, திருகுகளோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி பத்து மணிக்கு மாட்யூல் படுத்துவிட்டால், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் செல்போன் வெளிச்சமும் இருந்தால் அரை மணியில் பழையபடி மாட்டிவிடலாம். சிகரெட் அட்டைதான் இப்போது கிடைப்பதில்லை. விசிட்டிங் கார்டு ஒன்று சேர்த்து வையுங்கள்.